உன் மனைவி ரோட்டோரத்தில் காய் விற்கிறாள்

சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை
14-7-1961

கடல் தாண்டிப் பதுளையில் இருக்கும் தம்பி மைக்கேல்சாமிக்கு, அண்ணன் சந்தனசாமி மனம் கொதித்து எழுதும் கடிதம். உன் அண்ணி ஜெபமாலை உன்னை விசாரித்ததாக எழுதச் சொன்னாள். நாங்கள் சாப்பிடுகிறோம், தூங்குகிறோம், ஞாயிற்றுக்கிழமை பூசைக்குப் போகிறோம். அதற்கு மேல் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. காரணம் உன் மனைவி.

நீ தேயிலை எஸ்டேட் கடையைப் பார்த்துக்கொள்ளப் போய் ஒன்பது வருஷம் ஆகிறது. அப்பாவை அடக்கம் செய்ய வந்துவிட்டுப் போனதே நாலு வருஷத்துக்கு முன்னால். இங்கே நடப்பது உனக்குத் தெரிய வழியில்லை. தெரியவேண்டியவன் நீ என்பதால் ஒளிக்காமல் எழுதுகிறேன். திருக்கோகர்ணம் தாண்டித் திருச்சி ரோட்டை ஒட்டி உன் பங்குக்கு வந்த தோட்டம் இருக்கிறதே, அதன் ஓரத்தில் நாலு கம்பு நட்டு, மேலே கீற்றுப் போட்டு, அடைக்கலமேரி காய்கறிக் கடை வைத்திருக்கிறாள். ஆள் வைத்து அல்ல. தானே உட்கார்ந்து விற்கிறாள்.

நான் பதினாறு வயதில் ஆவூரிலிருந்து கீரைக்கூடையைத் தலையில் சுமந்து வந்து, இந்த ஊர் தெருவெல்லாம் கத்தி விற்றவன். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. ஆனால் அந்த வெயிலும் அந்தப் பேச்சும் என்னோடு போகட்டும், நம் வீட்டுப் பெண்களுக்கு வேண்டாம் என்றுதான் மண்டி வைத்தேன். இன்றைக்கு விடிவதற்குள் முப்பது வண்டி என் மண்டி வாசலில் காய் இறக்குகிறது. அப்படிப்பட்டவனுடைய தம்பி மனைவி பஸ்ஸுக்குக் கை காட்டாத குறையாக ரோட்டில் உட்கார்ந்திருக்கிறாள். போன ஞாயிறு பூசை முடிந்து வெளியே வரும்போது நாலு பேர் நடுவில் ஒருவர் கேட்டார்: “என்ன சந்தனசாமி, தம்பி கடை ரோட்டுல ஜோரா நடக்குதாமே, ஒங்க மண்டிய எப்ப மூடப் போறீங்க?” எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்துத் தொலைத்தேன்.

சித்திரை வரைக்கும் அவள் தோட்டத்துக் காயும் என் மண்டிக்குத்தான் வந்தது. ஏலத்தில் கூடையைக் கவிழ்த்ததும் வியாபாரிகள் பார்ப்பது இரண்டுதான்: பளபளப்பு, பருமன். மேரியின் கத்தரிக்காய் குட்டையாக, நிறம் மங்கி, பத்துக்கு இரண்டு ஓட்டையோடு வரும். ஏலம் கேட்கிறவன் காலால் ஒதுக்குவான். நம் வீட்டுக் கூடையை ஒருவன் காலால் ஒதுக்குவதைப் பார்த்துக்கொண்டு நான் எப்படி நிற்பது? பக்கத்துத் தோட்டத்துச் சேவுகன் அமோனியா உரம் போட்டு, பூச்சிக்கு எண்ட்ரின் அடித்துக் கொண்டுவரும் காய் கைக்கு அடங்குவதில்லை. முகம் பார்க்கலாம் போல மினுங்குகிறது. நீயும் அப்படிச் செய் என்று உன் அண்ணியிடம் சொல்லி அனுப்பினேன்.

உனக்குத்தான் தெரியுமே, கல்யாணமாகிப் பதினேழு வருஷத்தில் மேரி என் முகம் பார்த்து ஒரு வார்த்தை பேசியதில்லை. தம்பி மனைவி மூத்தாரோடு நேரே பேசுவது நம் வீட்டில் வழக்கமில்லை. நான் வந்தால் எழுந்து கதவுக்குப் பின்னால் போய்விடுவாள். நான் சொல்வது அவளுக்குப் போவதும் அவள் சொல்வது எனக்கு வருவதும் உன் அண்ணி வாய் வழியாகத்தான். அப்படி வந்த பதிலைக் கேள்: “எம் மண்ணுக்கு ஆட்டுக்கிடையும் அடுப்புச் சாம்பலும் போதும்க்கா. காலால ஒதுக்குற எடத்துக்கு இனிமே எங் காய் வராதுன்னு பெரியத்தான்கிட்ட சொல்லிருங்க.” அடுத்த வாரமே கொட்டகை எழும்பிவிட்டது. என் முன்னால் வாய் திறக்காதவள் இப்போது பஸ் கண்டக்டரோடு வாயாடிக் காய் விற்கிறாள்!

வியாபாரம் நடக்கும் அழகையும் கேள். பறித்துக் குவித்து வைப்பதே கிடையாது. வாங்க வருகிறவர் வரப்பில் நடந்து இந்தச் செடி, அந்தச் செடி என்று கை காட்டவேண்டும், அப்போதுதான் பறிப்பாள். தராசு இல்லை. கூறு வைத்துத்தான் விற்பனை. கத்தரிக்காயை வாங்குகிறவர் கண் முன்னாலேயே காம்பு வரைக்கும் கீறிக் காட்டுகிறாள். புழு இருந்தால் கோழிக்கு, இல்லாவிட்டால் கூடைக்கு. கீறின காயை யார் வாங்குவான் என்று முதலில் கேலி பண்ணினேன். வாங்குகிறார்களே தம்பி! டாக்டர் ஒருவர் காரை நிறுத்தி வாங்குகிறார். டீச்சர்கள் சைக்கிள் ரிக்ஷா வைத்துக்கொண்டு போகிறார்கள். பச்சைக் காயை அங்கேயே கடித்துப் பார்க்கிறார்களாம், வெண்டைக்காயை, பிஞ்சு வெள்ளரியை, கழுவாமலே!

இதிலெல்லாம் எனக்கு வயிற்றெரிச்சல் இல்லை என்று சொன்னால் நீ நம்பமாட்டாய், நானும் சொல்லவில்லை. ஆனால் இது வெறும் வயிற்றெரிச்சல் இல்லை. முந்தாநாள் என் மண்டி வாசலில், பத்து வருஷமாக என்னிடம் காய் எடுத்துத் தெருவில் விற்கும் பொன்னுத்தாய், கூடையைக் கையில் வைத்துக்கொண்டே கேட்டாள்: “அண்ணே, இது மருந்தடிச்ச காயா, மருந்தடிக்காத காயா? வாங்குறவுக கேக்குறாக.” இத்தனை வருஷத்தில் அழுகலா என்று கேட்டிருக்கிறார்கள், முற்றலா என்று கேட்டிருக்கிறார்கள். இப்படி ஒரு கேள்வியை இந்த ஊர் சந்தை கேட்டதில்லை. அந்தக் கேள்வியைக் கிளப்பிவிட்டது நம் வீட்டுப் பெண்!

நானும் சும்மா இருக்கவில்லை, சோதித்துப் பார்த்தேன். ஆள் விட்டு மேரியிடம் பத்துக் கத்தரிக்காய் கீறாமல் வாங்கிவரச் செய்து, சேவுகனுடைய பத்துக் காய்க்குப் பக்கத்தில் வீட்டு அலமாரியில் வைத்தேன். மூன்றாம் நாள் அவள் காய் கிழவன் கன்னம் மாதிரிச் சுருங்கிவிட்டது. சேவுகன் காய் பறித்த அன்று இருந்தபடியே இருந்தது. உன் அண்ணியைக் கூப்பிட்டு, எது நல்ல காய் என்று இப்போது சொல் என்றேன். அவள் சிரித்த சிரிப்பு இருக்கிறதே! “அவகிட்ட வாங்குறவங்க அன்னைக்கே ஆக்கித் தின்னுடுறாங்க. மூணு நாளு அலமாரியில வச்சு அழகு பாக்கவா காய் வாங்குறாங்க?” என்றாள். வியாபாரிக்கு வாழ்க்கைப்பட்டு இத்தனை வருஷமாகியும் சரக்கு தாங்குவதன் அருமை அவளுக்குத் தெரியவில்லை. ருசி ருசி என்கிறார்களே, நேற்றுக்கூட என் மண்டிக் கத்தரிக்காயில் உன் அண்ணி வைத்த குழம்புக்கு இரண்டு தடவை சோறு வாங்கிச் சாப்பிட்டேன்.

ஆகையால் நீ ஒரு கடிதம் எழுது. புருஷன் வார்த்தை என்றால் அவள் தட்டமாட்டாள். கொட்டகையைப் பிரித்துவிட்டு, காயை மண்டிக்கு அனுப்பிவிட்டு, மரியாதையாக வீட்டில் இருக்கச் சொல். நம் குடும்பப் பெயர் உன் கையில் இருக்கிறது.

உன் அண்ணன்,
சந்தனசாமி

•

சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை
1-8-1961

தம்பிக்கு,

போன கடிதம் கிடைத்திருக்கும். நீ இன்னும் மேரிக்கு எழுதவில்லை என்றால், எழுதவேண்டாம். கொஞ்சம் பொறு. என் கோபம் தீர்ந்துவிட்டது என்று நினைக்காதே. கோபம் அப்படியேதான் இருக்கிறது. யார் மேல் என்பதில்தான் குழப்பம் வந்திருக்கிறது.

வியாழக்கிழமை சாயங்காலம் மாட்டுக்குத் தண்ணீர் காட்டப் போனேன். கழுநீர்த் தொட்டியில் ஏதோ மினுமினுவென்று மிதந்தது. கையை விட்டு எடுத்தேன். என் மண்டிக் கத்தரிக்காய். காலையில் நான் பொறுக்கி அனுப்பிய சேவுகன் காய், ஒன்றுகூடக் குறையாமல்! உன் அண்ணியைக் கூப்பிட்டுக் கேட்டேன். அவள் கொஞ்சமும் பதறவில்லை. “மூணு மாசமா இந்த வீட்டுல வேகுறது மேரி தோட்டத்துக் காய்தான். பால்காரச் செவந்தி தெனம் கொண்டாந்து குடுக்குறா. நீங்களும் நம்ம மண்டிக் காய்னா காய்தான்னு சொல்லி வழிச்சுத் தின்னீங்க. நான் எதுக்கு நடுவுல பேசணும்?” என்றாள். அப்படியென்றால் மாடு மட்டும் மருந்தைத் தின்னலாமா என்று கத்தினேன். “அது எங்க தின்னுச்சு? மோந்து பாத்துட்டுத் திரும்பிக்கிச்சு” என்றாள்.

எனக்கு இருந்த ஆத்திரத்தில் மறுநாள் காலை மண்டியைக் கணக்குப்பிள்ளையிடம் விட்டுவிட்டு நேரே தோட்டத்துக்குப் போனேன். சொந்த வீட்டு அடுப்பிலேயே என்னை ஏமாற்ற வைத்தவளை, இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று.

திருச்சி பஸ் கொட்டகைக்கு எதிரே நின்றுகொண்டிருந்தது. டிரைவர் ஸ்டியரிங்கில் சாய்ந்து பீடி குடிக்கிறார். கண்டக்டர் பைநிறைய வெண்டைக்காயோடு திரும்பி வருகிறான். என்னைப் பார்த்ததும், “என்ன மொதலாளி, ஒங்க மண்டியில காய் தீந்துபோச்சா?” என்றான். ஏழெட்டுப் பேர் வரிசையில் நின்றார்கள். என்னைக் கண்டதும் மேரி எழுந்தாள். நாலு கம்பு நட்ட கொட்டகையில் ஒளிய எங்கே இடம்? ஒரு கம்புக்குப் பின்னால் போய், அந்தக் கம்பு தன்னை முழுக்க மறைத்துவிட்டது போல நின்றுகொண்டாள். பால்பாத்திரத்தோடு அங்கே நின்ற செவந்தியைப் பார்த்து, “செவந்தி, வந்தவங்களுக்கு என்ன வேணும்னு கேளு” என்றாள்.

காய் வேண்டாம், கடையைப் பிரிக்கச் சொல் என்று நானும் செவந்தியிடம் சொன்னேன். செவந்தி இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு, “ரெண்டு பேரு பேசுறதும் ரெண்டு பேருக்குமே கேக்குது. நான் எதுக்கு நடுவுல?” என்றாள். வரிசையில் நின்ற டீச்சரம்மா ஒருத்தி, “வாங்குறதா இருந்தா வாங்குங்க சார், இல்லேன்னா கொஞ்சம் வழி விடுங்க. எனக்குப் பள்ளிக்கூடத்து மணி அடிச்சிரும்” என்றாள். நாற்பத்தாறு வயதுக்காரன், சந்தையில் நான் நிற்கும் இடத்தில் எல்லோரும் ஒதுங்குவார்கள்; அங்கே என்னை ஒதுங்கச் சொல்லிவிட்டாள். அவமானம் தாங்காமல், ஒரு கூறு கத்தரிக்காய் கேள் என்று செவந்தியிடம் சொல்லிவிட்டேன். வாயிலிருந்து வந்துவிட்டது.

மேரி கம்பை விட்டு வெளியே வந்தாள். என்னைப் பார்க்கவில்லை, வரப்பில் இறங்கி, எதைப் பறிக்கட்டும் என்பது போல நின்றாள். நான் கை காட்டினேன். பறித்தாள். கீறினாள். புழு. கோழி வந்து கொத்திக்கொண்டு போனது. இரண்டாவது நல்ல காய். மூன்றாவது புழு. நாலாவதும் புழு. எனக்குள் இருந்த வியாபாரி சும்மா இருப்பானா? இத்தனை காய் வீணானால் வியாபாரம் எப்படிக் கட்டும் என்று கேள் செவந்தி என்றேன். மேரி தலை நிமிராமல் அரிவாள்மணையைப் பார்த்துச் சொன்னாள்: “எது வீணா? அந்தக் கோழி முட்டையத்தான் பெரியத்தான் தெனம் காலையில திங்கிறாங்கன்னு சொல்லு.” வரிசை முழுக்கச் சிரித்தது. முட்டையும் செவந்தி வழியாகத்தான் வருகிறது என்று எனக்கு அப்போதுதான் தெரிந்தது.

காயைத் துண்டில் முடிந்துகொண்டு வந்து, நானே உன் அண்ணியிடம் கொடுத்து, அன்றைக்கே ஆக்கச் சொல்லிச் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. வியாபாரியாக ஒன்று சொல்கிறேன்: அவள் தோட்டம் ஐம்பது வீட்டுக்குக் காணும். ஊர் முழுக்கச் சாப்பிட என் மண்டியும் சேவுகன்களும்தான் வேண்டியிருக்கிறது. அதனால் என் தொழில் ஒன்றும் கவிழ்ந்துவிடாது. அவள் செய்வது பொய்யுமில்லை. ஏலத்தில் கூடைக்கு அடியில் சொத்தையை வைத்து மேலே நல்லதை அடுக்கிக் கொண்டுவருகிறவர்களை நான் தினம் பார்க்கிறேன். அடி எது, மேல் எது என்று இல்லாமல் விற்கிற ஒரு கடையை இப்போதுதான் பார்த்தேன். ஆனாலும் ரோட்டில் உட்கார்ந்து விற்பது எனக்கு இன்னும் பிடிக்கவில்லை. துணைக்கு ஒரு வயதான அம்மாளை உட்காரவைத்து, பஸ் நிற்கிற பக்கம் ஒரு தட்டி கட்டிவிடலாம் என்று நினைக்கிறேன். உன் அண்ணி வழியாகப் பேசிப் பார்க்கிறேன். அதுவரை நீ ஒரு வரியும் எழுதாதே. நான் எழுதியதை நானே வாபஸ் வாங்குகிறேன்.

உன் அண்ணன்,
சந்தனசாமி

•

சேசு மரி சூசை துணை

புதுக்கோட்டை
22-8-1961

மைக்கேல்சாமிக்கு,

உன் கடிதமும் என் இரண்டாவது கடிதமும் தலைமன்னார் கடலில் ஒன்றையொன்று தாண்டிப் போயிருக்கின்றன. ஒரு நாள் முந்தியிருந்தாலும் இவ்வளவு நடந்திருக்காது என்று முதலில் நினைத்தேன். இப்போது அப்படி நினைக்கவில்லை. என் கடிதம் முன்னாலேயே வந்திருந்தாலும் நீ இதைத்தான் எழுதியிருப்பாய்.

ஐந்தாம் தேதி வழக்கம் போல மண்டி விலாசத்துக்கு உன் கவர் வந்தது. உள்ளே எனக்கு ஒரு தாள், அவளுக்கு ஒரு தாள். எனக்கு எழுதியதில், தோட்டத்தைச் சேவுகனுக்குக் குத்தகை பேசி முடித்துவிடுங்கள், அவளை உங்கள் வீட்டில் கொண்டுவந்து வைத்துக்கொள்ளுங்கள் என்று நாலு வரி. அண்ணி எப்படி இருக்கிறாள் என்றுகூட இல்லை. அவள் தாளை நான் படிக்கவில்லை. ஆனால் அவள் அதைப் படித்துவிட்டு உன் அண்ணி கையில் கொடுத்தாள். உன் அண்ணி எனக்குப் படித்துக் காட்டினாள். ‘ஊர் சிரிக்கத் தெருவில் உட்காருகிறவள் எனக்கு மனைவி என்று சொல்லிக்கொள்ள வேண்டாம்’ என்று எழுதியிருக்கிறாய். அட பாவி! நான் எழுதியது கோபம். நீ எழுதியது என்ன?

அவளிடம் அந்தத் தாளைக் கொண்டுபோய்க் கொடுத்தவன் நான்தான். உன் கையெழுத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, முந்தானையில் கையைத் துடைத்துக்கொண்டு வாங்கினாள். நின்றபடியே படித்தாள். மடித்து இடுப்பில் செருகினாள். கடைக்கு முன்னால் இன்னும் நாலு பேர் நின்றார்கள். அவர்களுக்குப் பறித்து, கீறி, கூறு வைத்துக் கொடுத்து முடித்தாள். அவர்கள் போனதும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறித் தானே கீற்றை அவிழ்க்க ஆரம்பித்தாள். நான் நில் என்று சொல்லவில்லை. சொல்லியிருக்கவேண்டும். யாரிடம் சொல்லி அனுப்புவது என்று தேடிக்கொண்டு நின்றேன்! செவந்தி அன்றைக்குப் பார்த்து இல்லை.

மறுநாள் காலை ஒரு டிரங்குப் பெட்டியோடு எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டாள். புருஷன் சொல்லுக்கு ஒரு நாள் தாமதம் இல்லை. இரண்டு வாரம் என் வீட்டு அடுக்களையில் இருந்தாள். அழவில்லை, யாரையும் ஏசவில்லை. விளக்கின பாத்திரத்தையே திரும்பத் திரும்ப விளக்கினாள். சாப்பிடக் கூப்பிட்டால் வருவாள். தட்டில் போட்டதைத் தின்பாள். இன்னும் கொஞ்சம் என்று ஒரு நாள் கேட்டதில்லை. உன் அண்ணி என்னிடம் பேசுவதையே நிறுத்திவிட்டாள். நியாயம்தான். மூட்டிவிட்டவன் நான்.

தோட்டத்தில் காய் பறிக்க ஆளில்லை. கத்தரிக்காய் செடியிலேயே மஞ்சளாகப் பழுத்துத் தொங்கியது. வெண்டைக்காய் முற்றி விறகாகிவிட்டது. பஸ் நின்று ஹாரன் அடித்துப் பார்த்துவிட்டுப் போகிறதாம். காரில் வருகிற டாக்டர் என் மண்டிக்கே ஆள் அனுப்பி, அந்த அம்மாளுக்கு உடம்பு சரியில்லையா, நான் வந்து பார்க்கவா என்று கேட்டார். தெருவில் சிரித்த ஒரு ஆளை எனக்குக் காட்டு, மைக்கேல். பூசை முடிந்து சிரித்தவர்கள் என்னைப் பார்த்துத்தான் சிரித்தார்கள். அதை நான்தான் அவள் தலையில் போட்டு உனக்கு எழுதினேன்.

குத்தகைச் சேதி எப்படியோ காதில் விழுந்து, சேவுகன் வெற்றிலைத் தட்டோடு வந்தான். “குத்தகைக்குத் தை மாசம் வரைக்கும் எதுக்குக் காத்திருக்கணும் மொதலாளி, சும்மா கெடக்குற தோட்டம்தானே? இப்பவே உழுதுபோட்டுடுறேன்” என்றான். சும்மா கிடக்கிற தோட்டமாம். பூவும் பிஞ்சுமாக நிற்கிற செடியை ஏர் விட்டு மடக்கப் பார்க்கிறான். அடுக்களைக் கதவுக்குப் பின்னால் பாத்திரம் விளக்குகிற சத்தம் நின்றுபோனது. அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். தட்டை எடுத்துக்கொண்டு போ, பிறகு பார்க்கலாம் என்று அவனை அனுப்பிவிட்டேன். முழுசாக மறுக்க அப்போதும் துணியவில்லை. தோட்டம் உன்னுடையது, வார்த்தை உன்னுடையது என்று இருந்தேன்.

பரலோக மாதா திருநாளுக்கு ஆவூர் போயிருந்தேன். அங்கே சூசைமாணிக்கத்தைப் பார்த்தேன். உன் எஸ்டேட்டுக்கு அடுத்த எஸ்டேட்டில் வாத்தியாராக இருக்கிறானே, அவன்தான், லீவில் வந்திருக்கிறான். உன்னைப் பற்றிக் கேட்டேன். நன்றாக இருக்கிறாய் என்றான். ஈஸ்டர் பூசைக்குப் பதுளைக் கோயிலில் உன்னைப் பார்த்தானாம். நீ தனியாக வரவில்லை என்றான். உன் தோளில் தூங்கிக்கொண்டிருந்ததற்கு ஒரு வயது இருக்கும் என்றான். மேற்கொண்டு அவனைப் பேசவிடாமல் காபிக்கடைக்கு இழுத்துப்போய் உட்காரவைத்து, இதை இந்த ஊரில் வேறு யாரிடமாவது சொன்னாயா என்று கேட்டேன். இல்லை என்று மாதா மேல் ஆணையிட்டான். நானும் யாரிடமும் சொல்லவில்லை. உன் அண்ணியிடம்கூட.

அன்றிரவு எனக்கு வந்த ஆத்திரத்தை எழுதினால் இந்தத் தாள் தாங்காது. மானத்தைப் பற்றி அவளுக்குப் பாடம் எழுத உனக்குக் கை எப்படி வந்தது? அவள் செய்த குற்றம், வெயிலில் உட்கார்ந்து நல்ல காயை நல்ல காய் என்று விற்றது. நாலு வருஷமாகப் புருஷன் வராத வீட்டில், யாரிடமும் போய் நிற்காமல், தன் கையால் மண்ணைக் கிளறிச் சாப்பிட்டது. அதையும் என் வாயிலிருந்து பிடுங்கி, அவளைக் கழற்றிவிட உனக்கு ஒரு சாக்கு ஆக்கிக்கொண்டாய். என் கடிதத்தையா அதற்கு எடுத்தாய்?

நேற்று முன்தினம், ஞாயிறு, பூசை முடிந்ததும் வண்டியில் கீற்று ஏற்றிக்கொண்டு நானே தோட்டத்துக்குப் போனேன். நானே கட்டினேன். கட்டி முடிப்பதற்குள் நாலு பேர் சைக்கிளை நிறுத்தி, எப்போது திறக்கும் என்று கேட்டுவிட்டார்கள். வீட்டுக்கு வந்து அடுக்களை வாசலில் நின்றேன். உன் அண்ணியைக் கூப்பிடவில்லை. “மேரி, கொட்டகை போட்டாச்சு. நாளைக்குக் காலையில கடைய தொற. எனக்கு ரெண்டு கூறு வேணும்” என்றேன்.

அவள் எழுந்தாள், கதவுக்குப் பின்னால் போவாள் என்று நினைத்தேன். போகவில்லை. என் முகத்தைப் பார்த்து, “அவங்க வேணாம்னு எழுதிட்டாங்களே, பெரியத்தான்” என்றாள். பதினேழு வருஷத்தில் என்னிடம் பேசிய முதல் வார்த்தை. “எழுதுனவனுக்கு நான் எழுதிக்கிறேன். நீ போயி முத்திப்போனதப் பறிச்சுப் போடு, செடி வீணாப்போவுது” என்றேன். “ஆவூர்ல சூசைமாணிக்கத்தைப் பாத்தீங்களாமே. அவங்களுக்கு அங்க எல்லாம் நல்லா இருக்காமா?” என்று கேட்டாள். நல்லா இருக்கானாம் என்றேன். எத்தனையோ சரக்கைப் பேசி விற்றவன் நான். அந்த இரண்டு வார்த்தையை முழுசாகச் சொல்லி முடிக்க முடியவில்லை. அவள் வேறு ஒன்றும் கேட்கவில்லை. கேட்டுத் தெரிந்துகொள்ள அவளுக்கு எதுவும் மிச்சமில்லை என்று அவள் முகத்தைப் பார்த்தபோது தெரிந்தது. டிரங்குப் பெட்டியை எடுத்துக்கொண்டு தன் வீட்டுக்குப் போய்விட்டாள்.

நேற்றுக் கடை திறந்தாள். இன்றைக்கும் திறந்தாள். பஸ் நிற்கிறது.

இப்போது நான் சொல்வதைக் கேள். சேவுகனுக்கு நான் குத்தகை பேசமாட்டேன். தோட்டம் உன் பெயரில் இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. வேறு ஆளை வைத்து வேறு யாருக்காவது முடித்துவிடலாம் என்று உனக்குத் தோன்றினால் செய்துபார். அந்த மண்ணை உழுகிறவன் விளைந்ததை இந்தப் புதுக்கோட்டையில் எந்த மண்டியில் இறக்குகிறான் என்று நானும் பார்க்கிறேன். வண்டி நிறுத்த இடம் கிடைக்காது. இது மிரட்டல்தான். வேறு மாதிரி எழுத எனக்குத் தெரியாது.

உன்னிடம் நான் கேட்பது ஒன்றுதான். அவளுக்கு ஒரு வரி எழுது. மன்னிப்பு வேண்டாம், சமாதானம் வேண்டாம், வருகிறேன் என்ற பொய்யும் வேண்டாம். தோட்டமும் கடையும் உன் இஷ்டம் என்று ஒரு வரி. உன் கையெழுத்தில் வந்தால்தான் அவள் நிம்மதியாக உட்காருவாள். என் வார்த்தைக்காகத் திறந்திருக்கிறாளே தவிர, ஒவ்வொரு தபால் நேரத்திலும் ரோட்டைத்தான் பார்க்கிறாள் என்று செவந்தி சொல்கிறாள். நம் அப்பா பெயரால் கேட்கிறேன், அந்த ஒரு வரியை எழுதிவிடு. பிறகு நீ எனக்கு எழுதினாலும் சரி, எழுதாவிட்டாலும் சரி.

உன்னையும், அங்கே உன்னோடு இருக்கிறவர்களையும், சிறிசு பெரிசு எல்லோரையும் ஆவூர் மாதா காப்பாற்றட்டும். மனதில் ஒன்று வைத்து வெளியே ஒன்று எழுதவில்லை, உண்மையாகவே கேட்டுக்கொண்டேன். இங்கே இருக்கிறவளுக்கு நாங்கள் இருக்கிறோம்.

அண்ணன்,
சந்தனசாமி